ஒற்றைப்படைக் கம்பங்கள்

நவம்பரில் பின்லாந்தின் இந்த வடகோடியில்
மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும் இரவு,
வாடகை பாக்கி கேட்க வந்தவனைப் போல.
நான் நகராட்சி மின்பணியாளன்.
ஓர் ஏணி, ஒரு ஜோடிக் கையுறை,
நானூற்றுப் பன்னிரண்டு தெருவிளக்குகள்.

பட்ஜெட் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள்.
பேசுவதற்கல்ல.
அங்கே மைக் அடிக்கடி செத்துப்போகும்.

ஜன்னலோரம் இடதுசாரிகள்,
ஹீட்டரோரம் வலதுசாரிகள்.
இது கொள்கையில்லை,
நாற்காலி போட்ட காலத்து வழக்கம்.
குளிரில் இருந்தவர்கள் செலவழிக்கச் சொன்னார்கள்,
கதகதப்பில் இருந்தவர்கள் சேமிக்கச் சொன்னார்கள்.
இதையும் கொள்கையென்று எழுதிவிடாதீர்கள்.

டோர்ஸ்டி கெம்பைனன் எழுந்தார்.
மரக்கடைக் கணக்கில்
முப்பது வருடம் ஒரு சென்ட் பிசகாதவர்.
"ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன் நான்.
பற்றாக்குறை ஏழு லட்சம்.
பிள்ளைகள் தெற்கே போய்விட்டார்கள்.
மிச்சம் நாமும் கலைமான்களும்.
கலைமான் வரி கட்டாது.
விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா?"

ரைலி ஹூட்டினன் உட்கார்ந்தபடியே பேசினாள்.
செவிலி. பிரசவ வார்டை மூடிய வருடம்
நெடுஞ்சாலையோரம், ஒரு காரின் பின்னிருக்கையில்
ஒரு பிள்ளையைக் கையில் வாங்கியவள்.
"வீங்கியிருப்பது விரலில்லை, டோர்ஸ்டி.
கை விறைத்துக் கிடக்கிறது.
அன்றைக்கு வார்டு. பிறகு நூலக வண்டி.
இப்போது வெளிச்சமா?"

"கடன் வாங்கி எரிப்பாயா?
இன்னும் பிறக்காதவர்களா அதைக் கட்டுவார்கள்?"

"பிறக்கத்தான் இடமில்லையே."

யாரோ சிரித்தார்கள்.
யாரென்று கூட்டக் குறிப்பில் இல்லை.

பதினொரு மணிக்குச் சமரசம்:
ஒரு கம்பம் விட்டு ஒரு கம்பம் அணையும்.
அணைவது ஒற்றைப்படையா இரட்டைப்படையா
என்பதற்கு மேலும் ஒரு மணி நேரம்.
அவ்வளவு நேரமும் மன்றத்தில்
பதினாறு குழல்விளக்குகள் எரிந்தன.
தொழில் புத்தி, எண்ணிவிட்டேன்.

ஒற்றைப்படை தோற்றது.
அப்போது மைக் செத்தது.
எழுந்துபோய் ஒயரைத் திருகிக்கொண்டே சொன்னேன்:
"ஒவ்வொரு கம்பத்திலும் ஏறித்தான் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும்.
முதல் குளிர்காலச் சேமிப்பு
என் ஏணிக்கூலிக்கே சரியாகிவிடும்."
அன்றிரவு முதல் தடவையாக
இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்த்தது, என்னை.
தலைவர் இருமினார்:
"அது வேறு கணக்குத் தலைப்பு."

இருநூற்று ஆறு கம்பங்கள்.
மைனஸ் இருபத்திரண்டில்
ஃபியூஸ் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.
உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் ஊர்,
பல் விட்டுப் பல் விழுந்த வாய்.
நட்சத்திரங்கள் அதிகமாயிருந்தன, அதையும் சொல்ல வேண்டும்.
யார் செலவில் என்று தெரியவில்லை.

முதலில் கெம்பைனன்தான் போன் செய்தார்.
குரலைத் தணித்துக்கொண்டு.
"எண்பத்தேழாம் கம்பம். விதி விதிதான்.
ஆனால் ஐலிக்குக் கண்ணில் புரை,
நாயோடு இரண்டு தடவை விழுந்துவிட்டாள்.
ஆகிற காசை நானே தருகிறேன்.
ரசீது வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ரைலி.
"நூற்று நாற்பத்து மூன்று, என் ஜன்னலுக்கு நேரே.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து
இருபது வருடத்தில் இந்த வாரம்தான் தூங்கினேன்.
நாங்கள் ஜெயித்து எல்லாம் மறுபடி எரிந்தால்
அதை மட்டும் மறந்துவிடு.
யாரிடமும் சொல்லாதே."

இரண்டு பேரிடமும் சரி என்றேன்.
பதிவேட்டில் இரண்டையும்
அணைந்தது என்றே எழுதினேன்.
ஒன்று பொய், இன்னொன்று இப்போதைக்கு உண்மை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
மின்பணியாளர் பதவி, இனி
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.
எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை.

இப்போது போன் அடிக்கிறது.
கெம்பைனன் எண்.
ஐலியின் விளக்கு போயிருக்கும்,
அந்தக் கம்பத்தில் ஈரம் இறங்கும், எனக்குத் தெரியும்.
நாட்காட்டியைப் பார்க்கிறேன்:
ஏழாவது வாரம்.

ஏணி கொட்டகையில்.
கையுறை ஹீட்டரின் மேல் காய்கிறது.
போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.