சுற்று வழி

தார்த்துவில் இந்த மாதம் பாலம் பழுது.
என் ஏழாம் எண் பேருந்து
மூன்று தெரு சுற்றிப் போகிறது.
ஏறுகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.
திட்டட்டும்.

பிப்ரவரியில் சறுக்குவண்டி மரத்தில் மோதியபோது
கயிறு என் கையில்தான் இருந்தது.

மருத்துவர் மாரிக்கா படத்தைக் காட்டினார்.
சின்னக் கேள்விதான்.
மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு விளக்கு எரியும்;
ஊக்குவுக்கு
ஊரே விழித்துக்கொள்கிறது.
அதனால்தான் நாலு மணிக்கே
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வாசல் மிதியடியில் தூங்கிப்போகிறான்.

செவ்வாய்தோறும் பயிற்சி.
ரொட்டி, வெண்ணெய், கத்தி, தட்டு. எது முதலில்?
வெண்ணெயைத் தட்டில் தடவிவிட்டு
ரொட்டியைத் தேடுவான்.
எண்களைப் பின்னாலிருந்து சொல்லு:
ஒன்பது, இரண்டு,
அதற்குமேல் ஜன்னலில் பனி பெய்வதைப் பார்ப்பான்.

சாவி என்ற சொல் வராமல் ஒருநாள்
"கதவோட விரல்" என்றான்.
மாரிக்கா சரி என்று குறித்துக்கொண்டார்.
நான் அழுதேனா சிரித்தேனா
திரீனைத்தான் கேட்க வேண்டும்.

நேற்று பள்ளி இல்லை.
என் இருக்கைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.
பாலத்துக்கு முன் வண்டியைத் திருப்பினேன்.
"அப்பா, வழி தப்பு."
பழைய வழி இருக்கிறது அவனிடம்!
மூடியிருக்குடா, சுற்றித்தான் போகணும் என்றேன்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, "அடுத்தது சந்தை."

நூலகம்தான் வந்தது.
இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருத்தி ஏறினாள்,
கதவு மூடிக்கொண்டது.
அப்புறம்தான் சொன்னான்,
"இல்ல. நூலகம்."

வண்டியை எடுக்க எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.
பின்னால் யாரோ மணியடித்தார்கள்.