மாற்றத்திற்கான காரணம்

வெள்ளி நாலு மணிக்குள் கொடுக்கவேண்டும்.
மூன்றாம் வருடத்துக்கான துறை, முதல் தெரிவு: மண்ணியல்.
நானே எழுதியது, தை மாதம், ஊதாப் பேனையால்.
மாற்ற விரும்புவோருக்கு வேறு படிவம்,
மஞ்சள் தாள், போட்டோக்கொப்பிக் கடையில் பத்து ரூபா.

"மண்ணைப் படிச்சு மண்ணாப் போகப்போறாய்"
என்கிறான் தம்பி.
லண்டன் மாமி கேட்கிறா,
"மண் எண்டால், பிள்ளை, கட்டிட வேலையோ?"
அறைக்காரி சர்மிகா
விவசாயப் பொருளியலுக்கு எப்போதோ மாறிவிட்டாள்.
வங்கி எடுக்கும், என்.ஜி.ஓ எடுக்கும்,
லீசிங் கொம்பனி ஓடிவந்து எடுக்கும்
என்று விரல் மடக்குகிறாள்.
மண்ணுக்கு அவள் ஒரு விரலும் மடக்கவில்லை.

நானும் கணக்குப் போட்டேன்.
மண்ணியல் முடித்தவர்கள் அந்த பட்ச்சில் ஒன்பது பேர்.
ஒருவர் ஆராய்ச்சி நிலையத்தில், தற்காலிகம்.
இருவர் பாடசாலையில், விஞ்ஞானம்.
ஒருத்தி கலியாணம் முடித்து நோர்வே.
நாலு பேர் கச்சேரி வாசலில் பந்தல் போட்டு
வேலை கேட்டு இருந்தார்கள்.
மழைக்குப் பந்தல் விழுந்தது.
ஒன்பதாவது ஆளைத் தெரியவில்லை.

போன செவ்வாய் தெரிந்தது.

ஒலுமடுவில் எங்கள் வளவுக்குள்
மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
குழுக்கடன், செவ்வாய்க்குச் செவ்வாய்
ஆயிரத்து எழுநூற்றைம்பது.
பழைய ஆள் மாற்றலாகிப் போக, இவர் புதிது.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
கஜீபன், கள உத்தியோகத்தர்.
அம்மா உள்ளே சீனிப் பேணியைக் கவிழ்த்து எண்ணுகிறா.
எந்தப் பக்கத்தால் எண்ணினாலும்
எண்ணூறு குறையும்.

அவர் குந்தினார்.
மிளகாய்ப் பாத்தி ஓரம் ஒரு கட்டி எடுத்தார்.
போத்தலில் இருந்து இரண்டு துளி.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில்
உருட்டி, நசுக்கி, நாடாவாய் நீட்டினார்.
மண் தொங்கியது.
ஒரு அங்குலம். ஒன்றரை.
அறுந்தது.

முதலாம் வருடம் எங்களுக்குக் காட்டித்தந்த சோதனை.
நான் செய்தபோது மூன்று தரம்
பிசைந்த மா மாதிரி விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

"அறிவியல் நகரோ?" என்றேன்.
களவெடுத்துப் பிடிபட்டவர் போல் எழும்பினார்.
"ஓம். மண்."
பிறகு நிலத்தைப் பார்த்தபடி,
"கீழே களி கிடக்கு. மாரிக்குத் தண்ணி நிக்குமே?"
"நிக்கும்."
"அந்த மூலையிலயோ?"
அந்த மூலையில்தான்.

கேட்க இருந்ததை நான் கேட்பதற்குள்
அம்மா வந்துவிட்டா, எண்ணூறு குறைய.
அவருக்கு வேறு முகம் வந்தது,
கொம்பனி பயிற்சியில் கொடுத்த முகம்.
"மிச்சத்துக்குக் குழுவில மற்ற ஆக்கள்தான் பொறுப்பு, அம்மா."
எழுதித் தந்த பற்றுச்சீட்டில்
பெருவிரல் அளவு எங்கள் மண்.

இரவு அந்தச் சீட்டை இரண்டு விதமாய் வாசித்தேன்.
மண் படித்தாலும் லீசிங்தான் என்றால்
பொருளியலைப் படிக்கலாம்,
வட்டியாவது விளங்கும்.
பொருளியல் படித்தாலும் லீசிங்தான் என்றால்
மண்ணையே படிக்கலாம்,
அம்மாமார் காசு எண்ணும் நேரத்துக்கு
கைக்கு ஒரு வேலை இருக்கும்.
தம்பி லைற்றை நூர்க்கச் சொன்னான்.
நூர்த்த பிறகும் வாசித்தேன்.

வெள்ளி, மாங்குளம் சந்தியில் பஸ் பிந்தியது.
முறிகண்டியில் எல்லோரும் இறங்கிக் கச்சான் வாங்க
நான் மடியில் மஞ்சள் தாளோடு இருந்தேன்.
பீட அலுவலகம், மூன்று ஐம்பது.
புதிய துறை: விவசாயப் பொருளியல்.
மாற்றத்திற்கான காரணம் என்ற இடத்தில்
மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள்.
தொழில் வாய்ப்பு என்று எழுதினேன்.
முதல் கோட்டில் பாதிகூட முடியவில்லை.

"மிச்சத்தை வெட்டிவிடும், தங்கச்சி" என்றார் லிகிதர்.
"பிறகு ஆரும் ஏதும் எழுதிப்போடுவினம்."

பேனையை மூடினேன்.
வெட்டவில்லை.