குளிர்க் கணக்கு

வேக்ஃபீல்டுக்கு வடமேற்கே, சக்டன் பண்ணையில்
குளிரை எண்ணுவது என் வேலை.
காலை ஒன்பது மணி. நாலங்குல ஆழத்தில் வெப்பமானி.
ஒன்பது டிகிரிக்கு எத்தனை குறைவோ அத்தனை புள்ளி.
நவம்பர் முழுக்க எழுதினேன், ஈரக் கையால், பென்சிலால்.
ருபார்ப் கிழங்கும் எழுதிக்கொண்டிருந்தது
வேறேதோ மையால்.

இருநூறு தாண்டியதும் தோண்டி எடுத்து
ஜன்னலில்லாக் கொட்டகையில் நெருக்கி வைத்தோம்.
என் நோட்டுக்காக அது விழிக்கவில்லை.
உள்ளே ஜிப்பரெல்லின் ஊறி ஊறி,
பொறு பொறு என்று கடிவாளம் பிடித்திருந்த புரதத்தைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்த பிறகுதான்
மொட்டு உடைந்தது.
டப்.
இருட்டின் மறுகோடியில் இன்னொன்று.
புதிதாய் வேலைக்கு வருபவர்கள் எலி என்பார்கள்.

வெளிச்சம் இல்லை என்பதும் ஒரு செய்தி.
இலையை விரிக்காதே. பச்சைக்குச் செலவழிக்காதே.
இருப்பதையெல்லாம் தண்டில் போடு, நீள்,
எங்காவது ஓர் ஓட்டை இருக்கும்.
இளஞ்சிவப்பாய், வெட்கமில்லாமல் நீண்டன.
மெழுகுவர்த்தியோடு பறித்தோம், திருட வந்தவர்கள் போல.
அந்த மஞ்சள் சுடர் நகர்ந்துகொண்டே இருக்கும்;
நம்பித் திரும்ப நேரம் தராது.

பிப்ரவரியில் ஒருநாள் சக்டன் கத்தினார்:
மூன்றாம் கொட்டகை, கோடி மூலை,
நாற்பது தண்டு ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது!
பலகையில் விரிசல் தேடினோம்.
இல்லாத விரிசலுக்குத் தார் பூசினோம்.

ஸ்மராண்டாதான் சொன்னாள், கையுறையைக் கழற்றியபடி.
அங்கேதான் போனுக்கு சிக்னல் வருகிறது.
ஆறு இரவாய், இடைவேளையில் பத்து நிமிடம்.
வாஸ்லுயில் கணவன் தூங்காமல் உட்கார்ந்து
வீட்டை விற்றுவிடலாமா என்கிறான்.
திரையின் நீலம் அவள் கன்னத்தில் பட்டு
மிச்சம் வழிந்ததே போதுமாம் செடிக்கு.

சக்டன் திட்டவில்லை.
"கோணலையெல்லாம் தனிப் பெட்டியில் போடு,
ஜாமுக்கு ஆகும்" என்று போய்விட்டார்.

ஒரு தண்டைச் சுடரருகே பிடித்துப் பார்த்தேன்.
வெளிச்சம் பட்ட பக்கம் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை.
ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்கியிருக்கிறது;
நீண்டது முதுகு.
முதுகு நீண்டதால் திரும்பியது முகம்.

மறுநாள் இரவும் அதே மூலை.
திரையை மார்போடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு
இருட்டில் பேசினாள், மிகத் தாழ்வாக.
அவள் மொழியில் 'வேண்டாம்' எந்தச் சொல்,
'சரி' எந்தச் சொல், எனக்குத் தெரியாது.
பேச்சு நின்றது.
எங்கோ, டப்.