மாதிரிக் கல்

சனிக்கிழமைகளில் என் தோள்பையில்
ஐந்து கற்கள் இருக்கும்.
இடித்த கட்டடங்களை அரைத்துச் சலித்து
சிமெண்டோடு பிசைந்து அச்சிலடித்து
இருபத்தோரு நாள் நனைத்தெடுத்தவை.
பையின் கைப்பிடி இரண்டுமுறை அறுந்தது.
மூன்றாம் முறை தையல்காரர்
காசு வாங்கவில்லை,
"வேற வேலை பாரும்மா" என்றார்.

கத்திப்பாராவில் கண்டக்டர் கேட்டார்:
"பையில என்ன, இந்தக் கனம்?"
வீடு, என்றேன்.
"அதுக்கு லக்கேஜ் போடணும்" என்று
விசில் ஊதினார்.

துரைப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பு.
பதினெட்டு டிகிரியில் உறைந்த அரங்கத்தில்
வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூரை பற்றி
அரைமணி நேரம் பேசினேன்.
சால்வை போர்த்தியிருந்தவர் கையுயர்த்தினார்:
"இதுல கட்டினா
விக்கும்போது ரேட் இறங்குமா?"
ஒரு சிறுவன் கல்லைத் தட்டி
காதை வைத்துக் கேட்டான்.
"உள்ளே யாரு இருக்காங்க?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

அடுத்த வாரம்
சிறுசேரியில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம்,
பதினோராவது தளம், சோற்று நேரம்.
புரொஜெக்டருக்குக் கரண்ட் இல்லை.
ஒடிசாக்காரர்களுக்குக் கையால் சொன்னேன்:
பழசு. அரை. புதுசு.
குலமணி என்பவன் திரும்பச் செய்து காட்டினான்,
என்னைவிட நன்றாக.

சித்தாள் சகாயராணி
ஈரக்கையைப் புடவையில் துடைத்து
ஒரு கல்லை எடுத்தாள்.
எடை பார்க்கவில்லை.
மூளி விழுந்த ஓரத்தை
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
நகக்கண் அளவு ஊதா.

"இது கடையில கிடைக்காத கலரு.
நீலம் கால் டப்பா மிச்சம், ரோஸ் அரை டப்பா மிச்சம்,
கலக்கி அடிச்சோம்.
ஆத்தோரமே சிரிச்சுது."

இருக்காது அக்கா, என்றேன்.
எத்தனையோ இடத்துக் கல் கலந்து வரும்,
ஊதா யார் வீட்டிலும் இருக்கும்.
"இருக்கும்" என்றாள், விடவில்லை.

கதவு, இடிச்ச கல்யாண மண்டபத்துது.
ஜன்னல் கம்பி காயலான் கடை.
கூரை மேல ரெண்டு கட்சி பேனர்,
உள்பக்கம் பார்த்து ஒரு தலைவர்
வெளிப்பக்கம் பார்த்து ஒரு தலைவர்.
தரைக்கு ஓட்டை டைல்ஸ்,
ஒன்றுபோல் ஒன்று இல்லை,
பிள்ளை அதில்தான் எண்ணப் படித்தது.
காசு கொடுத்து வாங்கியது
சிமெண்டு மட்டும். அதுவும் அரை மூட்டை.

என் பையில் அச்சடித்த தாள்கள் இருந்தன.
பதினான்காம் பக்கத்தில்
இவை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.
அவள் வீட்டுக்கு நட்சத்திரம் போட
யாரும் வந்ததில்லை.
வந்தது மஞ்சள் வண்டி, விடிகாலையில்.

தொண்டையைச் சரிசெய்து
மனப்பாட வரியைச் சொன்னேன்:
கட்டடக் கழிவு என்பது…

"கழிவா?
முந்தின நாள் ராத்திரி வரைக்கும்
அது சுவருங்க."

கீழே லிஃப்ட் மணி அடித்தது.
சோற்று நேரம் முடிந்தது.
குலமணி ஹெல்மெட்டைத் தலையில் வைத்தபடி
என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்,
மொழி தெரியாதவன்,
அவனுக்கு மட்டும் எல்லாம் புரிந்ததுபோல.

"இத நான் வெச்சுக்கட்டா?
இப்ப குடுத்திருக்கிற வீடு ஏழாவது மாடி.
காத்துக்குக் கதவு அடிச்சுக்கிட்டே கெடக்குது.
முட்டுக் குடுக்க ஒண்ணு வேணும்."

திரும்பும் பேருந்தில் பை
ஒருபக்கமாகச் சாய்ந்தே வந்தது.

அலுவலகப் பதிவேடு:
கொடுத்தது ஐந்து. திரும்பியது நான்கு.
காரணம் என்ற கட்டத்தில்
"வீடு திரும்பியது" என்று எழுதினேன்.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடித்துவிட்டு
"சேதம்" என்று எழுதினேன்.

சேதம் என்றால்தான்
முத்திரை விழும்.