உடைமைப் பட்டியல்

சட்டைப்பையில் மூன்று,
காலுறைக்குள் இரண்டு,
கழுத்தில் ஒன்று,
உள்ளாடையின் இடப்பக்கம் ஒன்று.
"கல்லா?" என்றாள் ப்ரையனி, இரவுப் பணி நர்ஸ்.
"சிறுநீரகத்திலா?"
"இல்லம்மா, கையில்."

டர்ஹம் மருத்துவமனையின் நிலவறை.
காந்தக் குகைக்குள் போகுமுன்
உடம்பில் உலோகம் கூடாது.
கல் உலோகமா என்று அவளுக்குத் தெரியவில்லை.
ஹேமடைட்டில் இரும்பு உண்டு என்று
நானே காட்டிக்கொடுத்தேன்.
எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள்.

படிவம் நிரப்பினாள்.
ஐசோபெல் ஃபெதர்ஸ்டன், ஐம்பத்தெட்டு,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
மதம்?
விக்கா.
எழுத்துக் கூட்டச் சொன்னாள், கூட்டினேன்.
அதற்கென்று கட்டம் இல்லை;
'மற்றவை'யில் ஒரு டிக் போட்டாள்.
வட்டம் போட்டே பழகியவளுக்கு
ஏதோ ஒரு கட்டம்.

அவள் எழுதியது: கறுப்பு ஒன்று.
எழுதாதது: டூர்மலின்,
ஓட்டுநர் இருக்கைக்கடியில் பதினோரு வருடம்,
எட்டாம் வகுப்புப் பையன்களின் வாயிலிருந்து
என்னைக் காத்தது, முக்கால்வாசி.

ஊதா ஒன்று.
குடியை விட்ட வருடம் வாங்கிய செவ்வந்திக்கல்.
இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இளஞ்சிவப்பு, சாம்பல், பால் நிறம்,
கண்ணாடி மாதிரி ஒன்று
(படிகம்; எது கேட்டாலும் செய்யும்,
எதையும் நேராகச் செய்யாது),
கடைசியில், பச்சை ஒன்று.

எட்டாவதும் இருந்தது, செலினைட்.
எங்கள் வட்டத்தின் ப்ரிம்ரோஸ்
சுத்தம் செய்கிறேன் என்று
பௌர்ணமியன்று உப்புநீரில் ஊறப்போட்டு
மறந்தே போய்விட்டாள்.
எடுக்கும்போது சோப்புத்துண்டு போல் மெலிந்திருந்தது.
அழுதாள். நான் திட்டவில்லை.
நிலவின் பெயரை வைத்தால்
தேயத்தானே செய்யும்.

குழாய்க்குள் படுத்தேன்.
தட் தட் தட் என்று
யாரோ என் மண்டையில் கதவு தேடினார்கள்.
மனசுக்குள் வட்டம் போடலாமென்றால்
கிழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
"கிழக்கு எந்தப் பக்கம்?" என்று ஒலிவாங்கியில் கேட்டேன்.
"அசையாதீங்க" என்றது கிழக்கு.
கை வெறுங்கையாய் இருந்தது.
விரல்கள் ஒன்றையொன்று
கூழாங்கல் போல் உருட்டிக்கொண்டன.

இரவு அங்கேயே தங்கவைத்தார்கள்.
காலையில் தட்டோடு வந்தவர் வேறு ஆள், டங்கன்.
ஜன்னலருகே நின்று எண்ணினார்.
ஏழு. சரி.
படிவத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்,
காது சிவந்துவிட்டது.
"பச்சை என்று எழுதியிருக்கு.
இங்கே பச்சையே இல்லை. நீலம்தான் இருக்கு.
யாருடையதோ மாறிப்போயிருக்கு.
ப்ரையனிக்குப் போன் போடுகிறேன்."

பாவம், எட்டு மணி நேரம் நின்ற பிள்ளை
இப்போதுதான் தலை சாய்த்திருப்பாள்.
"திரையை இழுத்து மூடுங்க" என்றேன்,
"கட்டில் விளக்கைப் போடுங்க."
போட்டார்.
பச்சை.
திரையை விலக்கினார்.
நீலம், ஊதா கலந்த நீலம்.
மறுபடி மூடினார், மறுபடி விலக்கினார்.
பக்கத்துக் கட்டில் பாட்ரிசியா
"என்னப்பா, பொழுது விடிந்ததா இல்லையா?
ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள்.

"மந்திரமா?"
அறுபது பௌர்ணமி அதை வாசலில் வைத்தவள் நான்.
ஆமென்று சொல்லியிருக்கலாம்.
"வியர்டேல் ஃப்ளோரைட்" என்றேன்.
"பகல் வெளிச்சம் பட்டால் அப்படித்தான்.
மலையிலேயே அப்படித்தான் கிடக்கும்."
அவர் முகம் கொஞ்சம் வாடியது.
'பச்சை'யை அடித்தார்,
பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தார்,
அடித்ததன் மேலேயே திரும்பவும் 'பச்சை' என்று எழுதி,
பக்கத்தில் 'சில சமயம்' என்று சேர்த்தார்.
கையெழுத்துப் போட்டேன்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார்.
இடப்பக்க மூளையில் ஒரு நிழல் தெரிகிறது என்றார்.
"எந்த வெளிச்சத்தில்?" என்று கேட்டேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
கதவருகே டங்கன்
திரைக்கயிற்றில் கை வைத்தபடி
நின்றுகொண்டிருந்தார்.