மலையில் எங்கே சாப்பிடுவது

பனி என்று நான் தொட்டது
தேக்கா ஈரச்சந்தையில்
வாவல் மீனுக்கு அடியில் கொட்டிய ஐஸ் மட்டும்.

ஆனாலும் கேளுங்கள், சொல்கிறேன்.
பிரெஞ்சு மலையில் பனிச்சறுக்கப் போனால்
பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போகாதீர்கள்.
மலை முழுக்க அப்போதுதான் பசிக்கும்.
கேபிள் கார் இறக்கிவிடும் இடத்திலேயே ஒரு கடை
காட்சிக்குக் காசு வாங்கும்,
சூப்பில் அந்தக் காசு தெரியாது.
இன்னும் ஒரு சரிவு கீழே வாருங்கள்.
மரக்கூரை, வாசலில் மாட்டு மணி.
அங்கே வெங்காய சூப் கேளுங்கள்,
சன்னலோர மேசை கேட்காதீர்கள், குளிர் கசியும்.

பீப்பிள்ஸ் பார்க் மூன்றாம் மாடியில்
பதினான்கு வருடமாக இதைத்தான் விற்கிறேன்.
உருக்கிய சீஸ் பானைக்குள்
ரொட்டித்துண்டை மூன்றுமுறை தவறவிட்ட கதையைத்
திருமதி சுவா வந்து சொல்வார்.
சிரிப்பேன்.
பிறகு படிவத்தில் அடுத்த பெயர்.

ஷேக் மதார் குடும்பம், ஐந்து பேர்.
அவர்களுக்காக ஒரு பட்டியலை அடித்து அடித்துச் சுருக்கினேன்:
இந்த சீஸில் வைன் ஊற்றுவார்கள்,
அந்த உருளைக்கிழங்கில் பன்றி,
சூப்பில் என்ன எலும்பு என்று கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு
'பாரம்பரியம்' என்று பதில்.
மிஞ்சியது ஒரே ஒரு கடை.

அதிகாலை நான்கு பத்து.
புக்கிட் பாஞ்சாங்கில் மழை.
'அக்கா, நீங்க சொன்ன கடை மூடியிருக்கு.
பனி கொட்டுது, கேபிள் கார் நிறுத்திட்டாங்க.
சின்னவ அழுறா.'
அங்கே இரவு ஒன்பதே கால்.
ஒன்பதரைக்கு மேல் அந்த ஊரில் அடுப்பு எரியாது.

விளக்குப் போடாமல் சமையலறைக்கு வந்தேன்.
ஒருமுறை, யாரோ தொலைத்த கையுறைக்காக
கேபிள் கார் ஆளிடம் போனில் பேசியபோது
சும்மா கேட்டேன்: நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?
நீண்ட நேரம் சிரித்துவிட்டுச் சொன்னான்.
எழுதி வைத்தேன். யாருக்கும் விற்றதில்லை.
அது ஏழு வருடத்துக்கு முன்.

'தேவாலயத்தை முதுகுக்கு வையுங்க.
பேருந்து நிலையத்துக்குப் பின்னால படி இருக்கும்.'
'இருக்கு அக்கா.'
'இறங்குங்க. முப்பத்தோரு படி.'
போனுக்குள் பத்து பூட்ஸ்.
மரவள்ளி மாவுப் பொட்டலத்தை
விரலால் அமுக்கும் ஒலி.
கடை இன்னும் இருக்கிறதா,
தெரியாது என்று நான் சொல்லவில்லை.
இருபத்தாறு, இருபத்தேழு,
மதாரின் மனைவி எண்ணுகிறார்,
யாரோ வழுக்கினார்கள்,
யாரோ 'யா அல்லாஹ்' என்றார்கள்,
எனக்குக் குளிரவில்லை, ஆனால் கை நடுங்கியது.

ஒரு கதவு.
பாத்திரச் சத்தம்.
உள்ளிருந்து ஒரு பெரிய குரல் சலாம் சொன்னது.
தொடர்பு அறுந்தது.

மழையின் சத்தம் மறுபடி கேட்டது.
சிங்க்கில் நேற்றைய தட்டுகள்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு படம்:
நீராவி படிந்த கண்ணாடியோடு மதார்,
பின்னால் மலை எந்திரக்காரர்களின்
ஆரஞ்சுச் சட்டைகள் ஆணியில் தொங்க,
நடுவே, குவித்த ரவைபோல் ஏதோ,
மேலே ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை.
சின்னவள் தட்டுக்குமேல் முகமே தெரியவில்லை.
கூடவே ஒரு வரி:
'உப்பு கொஞ்சம் கம்மி அக்கா.'

கீழே காப்பிக்கடையில்
அப்போதுதான் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
பிராட்டா இரண்டு, கோப்பி-ஓ ஒன்று.
'இந்த நேரத்துல என்ன?' என்றார் கல் போடுகிறவர்.
'அஞ்சு பேருக்கு சாப்பாடு பிடிச்சேன்.'
'எங்க?'
வாயில் பிராட்டா இருந்தது.
மழை பெய்த திசையில் கை காட்டினேன்.

ஒன்பது மணிக்கு அலுவலகம் திறந்து
பட்டியலின் கடைசியில் சேர்த்தேன்:
படிகள் முப்பத்தோரு அல்ல, முப்பத்து மூன்று.
உப்பு கேட்டு வாங்கவும்.