இரவல் லீவர்

கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால்
சதுப்பை மூடிய செம்மண் மேடு.
ஞாயிறு மட்டும் அது எங்களுக்கு.
மற்ற ஆறு நாளும் பஞ்சிகாவத்தையில்
யாரோ ஒரு ஜப்பான்காரன் கழற்றிப்போட்ட கியர்பெட்டிகளை
எண்ணெய் துடைத்து விற்கிறேன்.

காலையிலேயே விழுந்தேன், ஒத்திகை ஓட்டத்தில்.
கிளட்ச் லீவர் அடியோடு முறிந்தது.
கடை நிறைய லீவர் வைத்திருப்பவன்
ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை.
முஃபீஸ் தன் பெட்டியைக் கிளறி
ஒன்றை எறிந்தான்.
"நெளிஞ்சதுதான். கை பழகிடும்."

எட்டுச் சுற்று.
ஆறாவதில், ஆற்றோர வளைவுக்கு முன்,
முன்சக்கரம் சேற்றுத் தடத்தை விட்டுப் பாய்ந்து
நாடாவை அறுத்துக்கொண்டு புல்லுக்குள் போனது.
ஒரு கபரகொயா எனக்கு வழிவிட்டு நகர்ந்தது.
பிரேக்கைத் தொட்டேனா?
தொட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.
திரும்பி ஏறியபோது
வளைவு எனக்குப் பின்னால் இருந்தது,
முஃபீஸும்.

கொடிக்காரப் பையன்
பிளேன்டி வாங்கத் திரும்பியிருந்தான்.
அறுந்த நாடா காற்றில் ஆடியது,
யார் வேண்டுமானாலும் அறுத்திருக்கலாம் என்பதுபோல.

மீதி இரண்டு சுற்றும்
இடது கையின் இரண்டு விரல்கள்
அந்த நெளிவின் மேலேயே.

இரண்டாம் இடம்.
ஒலிபெருக்கியில் என் இலக்கத்தைச்
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னார்கள்.
தமிழில் பிழையாக:
நாற்பத்தேழுக்கு எழுபத்துநான்கு.
அதைத் திருத்தத்தான் எழுந்து போனேன்.
மேசைக்கு முன்னால் நின்றதும்
மற்றதைச் சொன்னேன்.

அனோமா நோனா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"ஒரு இடம் கீழே போடுங்கோ" என்றேன்.
சட்டத்தாளில் அப்படி ஒன்று இல்லை.
வளைவைத் தவறவிட்டவன் ஓடவே இல்லை.
அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால்,
கோணாமல் என்னை வெட்டினார்.

நான் கணக்குப் போட்டது மூன்றாம் இடம்.
அதற்கும் ஒரு கோப்பை இருந்தது.

முஃபீஸ் வந்தான்,
எனக்கென்று எடுத்துவைத்திருந்த கோப்பையோடு.
தோளில் தட்டவில்லை, நன்றி சொல்லவில்லை.
"கண்டுட்டுத்தான் இருந்தேன்.
நீ எப்ப எழும்புவாய் எண்டு பாத்துக்கிட்டிருந்தேன்."
பிறகு, "லீவரைக் கழட்டு."

பத்தாம் நம்பர் சாவி. வெளிச்சம் போய்விட்டது.
அவன்தான் போன் விளக்கைப் பிடித்தான்,
நட்டைத் தேடி என் விரல் போகும் இடமெல்லாம்
கூடவே நகர்த்தி.

கிளட்ச் இல்லாத பைக் வீடு போய்ச் சேராது.
அவனுடைய பட்டா லொறியில்தான் ஏற்றினோம்,
இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டி.
தெமட்டகொடைப் பாலத்துக் குழிகளில்
பின்னால், தகரத் தட்டில்,
கோப்பை அங்கும் இங்கும் உருண்டது.
இருவருக்கும் கேட்டது.
இருவரும் இறங்கிப்போய்
எடுத்துவைக்கவில்லை.